மாடியில் மஞ்சள் போர்வை

தொம்மலூர், பெங்களூரு
11 பிப்ரவரி 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டுகிறேன் என்று எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் கடிதத்தை வேறு எப்படித் தொடங்குவது என்று நீங்கள் எனக்குச் சொல்லித்தரவில்லை. கண் எப்படி இருக்கிறது? சொட்டு மருந்து உள்ளே கொடுக்கிறார்களா?

அம்மாவைப் போன வாரம் ஊரிலிருந்து அழைத்து வந்துவிட்டேன். என் ஒற்றை அறையில்தான் இருக்கிறார். வீட்டுக்கார லட்சுமம்மா எதையும் துருவவில்லை. "ஊட்டா ஆச்சா, டோரதியம்மா?" என்று சாப்பாட்டைப் பற்றிக் காலையும் மாலையும் கன்னடத்தில் கேட்கிறார். அம்மா தலையை மட்டும் ஆட்டுகிறார்.

வக்கீல் சீனிவாசராகவன் எல்லாவற்றையும் சொன்னார். ஜனவரியில் ரோந்துக் கப்பல் நம் கரையை நெருங்கி வந்த அன்று, கடல் அட்டையும் பீடி இலையும் ஏற்றிய படகு ஒன்று வேறு பக்கமாக இலங்கைக்கு நழுவியிருக்கிறது. அதைத் துரத்திய ரப்பர் படகிலிருந்து ராகேஷ் என்ற இளம் மாலுமி கடலில் விழுந்துவிட்டான். உடல்கூடக் கிடைக்கவில்லை. கப்பல் வருவதைக் கடத்தல்காரர்களுக்குக் காட்டிக்கொடுத்தது நம் மாடியில் கட்டிய மஞ்சள் போர்வை என்பதுதான் வழக்கு. அன்று அதைக் கண்ணால் பார்த்ததாக ஊரில் ஒருவன் சாட்சி சொல்லியிருக்கிறான்.

அந்தப் போர்வை எதற்கு என்று வக்கீலுக்கு விளக்கினேன். அப்பா கடற்படையில் கொடிச் சைகைகளைப் பார்த்துச் சொல்லும் சிக்னல்மேனாக இருந்தவர். ஓய்வு பெற்று ஊருக்கு வந்த நாளிலிருந்து பழைய ரேடியோவில் கப்பல்களின் பேச்சைக் கேட்பார். கப்பல் உள்ளே வருகிறது என்றால் மாடிக் கம்பத்தில் போர்வையைக் கட்டுவார். அதைப் பார்த்து வலைக்காரர்கள் வலையை இழுத்துக்கொள்வார்கள். இல்லாவிட்டால் கப்பல் ஏறி வலை கிழிந்துபோகும். அவ்வளவுதான் என்றேன். அவர் கண்ணாடியைத் துடைத்தபடி, "வலைக்காரன் கண்ணுக்குத் தெரியிறது கடத்துறவன் கண்ணுக்குத் தெரியாதாம்மா?" என்றார். நமக்கு அது ஏன் ஒருநாளும் தோன்றவில்லை அப்பா?

ஆனால் அன்று நீங்கள் ஊரிலேயே இல்லை. இங்கே ஆஸ்பத்திரியில் கண் அறுவை முடிந்து, கட்டோடு என் வீட்டில் உட்கார்ந்து, லட்சுமம்மா கொடுத்த ராகி முத்தைக் களியை விழுங்கத் தெரியாமல் மென்றுகொண்டிருந்தீர்கள். போனைக்கூட அம்மாவிடம் விட்டுவிட்டுத்தான் வந்திருந்தீர்கள். இதை மட்டும் சொன்னால் வழக்கு நிற்காது. ஏன் சொல்லவில்லை? ஊர் திரும்பிக் கைதான அன்று நீங்கள் "வாயத் தொறக்காத" என்று போனில் சொன்னதால், நான் வக்கீலிடம்கூட இதைச் சொல்லாமல் வைத்திருக்கிறேன்.

கடிதத்தை அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். பிரிக்க மாட்டார். நல்ல மனிதர்.

உங்கள் மகள்,
லவினா


மத்திய சிறை
2 மார்ச் 2024

அன்பு மகள் லவினாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது.

எனக்கு இங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லை. கண் நன்றாகத் தெளிந்துவிட்டது. சுவரில் உள்ள விரிசல் எல்லாம் தெரிகிறது. உன் உடம்பைப் பார்த்துக்கொள். அந்த ஊர்க் குளிரில் தலைக்குக் குளித்துவிட்டு வேலைக்கு ஓடாதே.

நான் இந்த ஆண்டு பெங்களூருக்கு வரவில்லை. கண்ணை இலவச முகாமில் செய்துகொண்டதாகச் சொல்லியிருக்கிறேன். யார் கேட்டாலும் நீயும் அதையே சொல். லட்சுமம்மாவிடமும் சொல்லி வை.

அம்மா சாப்பிடுகிறாளா? அவளைத் தனியாக எங்கும் அனுப்பாதே. கோயிலுக்குப் போனால் நீயும் கூடப் போ. பாதிரியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு இப்போது அவசரமில்லை, எல்லாம் முடிந்த பிறகு போகலாம் என்று நான் சொன்னதாகச் சொல்.

என்னைப் பார்க்க வர வேண்டாம். சந்திக்க வருபவர்களின் பட்டியலில் உன் பெயரை நான் கொடுக்கவில்லை.

கடவுள் உங்கள் இருவரையும் காப்பாற்றட்டும்.

அப்பா
மைக்கேல்ராஜ்


தொம்மலூர்
17 மார்ச் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று படித்ததும் அழுதேன். எனக்கு லேசான இருமல். அம்மா நலம் என்றுதான் சொல்ல வேண்டும்.

நீங்கள் ஏன் மறைக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். என் வேலைக்காக. போலீஸ் என் அலுவலகத்துக்கு வந்து விசாரித்தால் என்னை வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று பயப்படுகிறீர்கள். போகட்டும் அப்பா. நான் என்ன பெரிய வேலை பார்க்கிறேன்? கம்பெனிக் காலத்துக் கடிதங்களை ஏதோ ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்காகப் படித்துத் தட்டச்சு செய்கிறேன். இப்போது என் மேசையில் இருப்பது நம் கரையைப் பற்றிய கட்டு. காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கையில், சுற்றிலும் இங்கிலீஷ்காரர். பிரெஞ்சுத் துறையில் எத்தனை கப்பல் நிற்கிறது என்று பார்த்து வர இங்கிலீஷ்காரர்கள் மீனவர்களுக்குக் காசு கொடுத்திருக்கிறார்கள். அதே மீனவர்கள் இங்கிலீஷ் ரோந்து எங்கே நிற்கிறது என்று பிரெஞ்சுக்காரருக்கும் சொல்லியிருக்கிறார்கள். நடுவில் உப்பு மூட்டைகள் நிம்மதியாகக் கரை மாறியிருக்கின்றன. வேறு சமயமாக இருந்தால் இதைப் படித்து நீங்களும் நானும் சிரித்திருப்போம்.

அம்மாவைப் பற்றிக் கேட்டீர்கள். பேசுவதில்லை. துவைத்த துணியையே திரும்பத் துவைக்கிறார். அதை மாடிக்குக் கொண்டுபோகாமல் அறைக்குள்ளேயே கயிறு கட்டிக் காயப்போடுகிறார். லட்சுமம்மா நேற்று வாசலில் நின்று, "மேல அஷ்டு ஜாகா, அவ்ளோ எடம் இருக்கு, உள்ள காயப்போட்டா செவுரு பூத்துப்போவும்மா!" என்றார். அம்மா, "மாடியில வேணாங்க" என்றார். இந்த மாதம் முழுக்க அவர் வாயிலிருந்து வந்த நீளமான பேச்சு அதுதான்.

சாட்சி சொன்னவனை நினைத்தால் உடம்பு எரிகிறது. நீங்களே இல்லாத அன்று போர்வை கட்டியிருந்ததாக எப்படித் துணிந்து பொய் சொல்கிறான்? எனக்காக நீங்கள் இதைச் சுமக்க வேண்டாம். வக்கீலிடம் சொல்ல அனுமதி கொடுங்கள்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
லவினா


தொம்மலூர்
28 ஏப்ரல் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம்தானா? பதில் இல்லை. ஈஸ்டர் போய்விட்டது. ஜாமீன் மனுவும் தள்ளுபடியாகிவிட்டது. காகிதமும் பேனாவும் கொடுத்தும் நீங்கள் எழுதவில்லை என்று வக்கீல் சொன்னார். "உங்கப்பா என்கிட்ட எதையோ மறைக்கிறார்மா. மறைச்சா நான் யாருக்காக வாதாடுறது?" என்று கேட்டார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பஸ்ஸில் போகும்போது, அலுவலகத்தில், தண்ணீர் பிடிக்கும்போது, அந்த ஒரு வாக்கியம் என் வாய்வரை வந்துவிட்டுத் திரும்புகிறது. என் அப்பா அன்று என்னோடு இருந்தார். இதைச் சொல்லாமல் இருப்பது ஒவ்வொரு நாளும் நானே உங்கள் அறையைப் பூட்டுவது போல இருக்கிறது.

கோபமாக இருந்தால் திட்டியாவது எழுதுங்கள்.

லவினா


மத்திய சிறை
19 மே 2024

அன்பு மகளுக்கு,

நலமாக இருக்கிறேன். இருமல் நின்றதா?

உன்மீது எனக்கு என்ன கோபம்? எழுத உட்கார்ந்தால் அந்தப் பையன் ராகேஷின் நினைவு வந்துவிடுகிறது. அவன் அம்மாவுக்கு அடக்கம் செய்யக்கூட ஒன்றும் கிடைக்கவில்லை. நானும் அந்த வயதில் அப்படி ஒரு சிறு படகின் விளிம்பில் உட்கார்ந்து போனவன்தான்.

ஒன்றை மட்டும் திருத்துகிறேன். சாட்சியைப் பொய்யன் என்று எழுதியிருந்தாய். அவன் பொய் சொல்லவில்லை. அன்று போர்வை கட்டியிருந்தது. கண்ணால் பார்த்ததைச் சொன்னவனைப் பொய்யன் என்று சொல்ல எனக்கு வாய் வராது. என் வேலையே அதுவாக இருந்தது.

இதற்குமேல் கேட்காதே. அம்மாவைப் பார்த்துக்கொள்.

அப்பா


தொம்மலூர்
26 மே 2024

அப்பா,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும். இதைப் படித்த பிறகும் நலமாக இருக்க வேண்டும்.

போர்வை கட்டியிருந்தது என்றால் கட்டியது யார் என்று இரண்டு நாள் யோசித்தேன். வலைக்காரர்களில் ஒவ்வொருவரையாக நினைத்துப் பார்த்தேன். நான் எவ்வளவு படித்து என்ன அப்பா, ஆண்களை மட்டும்தான் யோசித்தேன்.

வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் தட்டச்சுக்கு ஒரு பழைய கடிதம் வந்தது. ஓர் இங்கிலீஷ் கேப்டன் தன் மேலதிகாரிக்கு எழுதியது. பிரெஞ்சு எல்லையை ஒட்டிய குப்பத்தில் ஒரு குடிசைமேல் விளக்கு வைத்துத் தன் ரோந்தைக் காட்டிக்கொடுக்கிறார்கள் என்று கண்டுபிடித்து, குடிசைக்காரனைப் பிடித்துக் கோட்டையில் அடைத்திருக்கிறார். அடுத்த முறை கப்பல் போனபோதும் விளக்கு எரிந்திருக்கிறது. 'இவனுக்கு ஒரு கூட்டாளி இருக்கிறான், அவனைத் தேடிக்கொண்டிருக்கிறோம்' என்று முடிக்கிறார். அந்தக் குடிசையில் வேறு யார் இருந்தார்கள் என்று அவர் எழுதவே இல்லை.

நான் விடுப்புச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, அன்னிக்கு மாடியில யாரு போர்வையக் கட்டுனது?"

"உங்கப்பா எழுதிட்டாரா?"

"இல்ல. நானாத்தான் கேக்குறேன்."

"நான்தான்." மடிப்பதை நிறுத்தவில்லை. "அவரு ஊர்ல இல்லன்னா எல்லார் வலையும் அறுந்து போவணுமா? பாஷை தெரியாட்டியும் அவரு பக்கத்துல உக்காந்து கேட்டுப் பழகுன வார்த்தைங்கதான், ரேடியோவுல கேட்டுது, கட்டுனேன். முன்னாடியும் கட்டியிருக்கேன். அவரு தூங்கிட்டாக்கூட நான் கட்டிருவேன்."

"அப்புறம் ஏம்மா இத்தன நாளா சொல்லல?"

"போலீஸ் வந்தப்ப அவருதான் முன்னால போயி நின்னாரு. போவும்போது என் கையப் புடிச்சி, 'நீ வாயத் தொறந்தா நான் செத்தேன்னு வச்சிக்க'ன்னாரு. அதுக்கு மேல நான் என்னடி சொல்ல?"

பிறகு மடித்த துணியை எல்லாம் உதறிவிட்டு மறுபடி மடிக்க ஆரம்பித்தார்.

அப்பா, நான் என்ன செய்யட்டும்?

லவினா


மத்திய சிறை
30 மே 2024

லவினா,

உன் கடிதம் இன்று காலையில்தான் வந்தது. உடனே எழுதுகிறேன்.

அந்தப் பேச்சை இனி எழுதாதே. வீட்டிலும் பேசாதே. அலுவலகத்துப் பழங்கதைகளை வீட்டுக்குக் கொண்டுவராதே.

கப்பல் எங்கே போகிறது என்பதை வெளியே சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்து சம்பளம் வாங்கியவன் நான். அவள் எந்தச் சத்தியமும் செய்யவில்லை. போர்வை கட்டும் வழக்கத்தை அந்தக் கரைக்குக் கொண்டுவந்தவனும் நான். வலை கிழிந்து அழுத பெண்களைப் பார்க்க முடியாமல் ஆரம்பித்தேன். யார் யார் அதைப் பார்க்கிறார்கள் என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. அன்று கட்டிய கை யாருடையதாக இருந்தாலும் குற்றம் என்னுடையது.

அவளுக்கு ஒரு அதட்டல் தாங்காது. உனக்கே தெரியும்.

அப்பா


தொம்மலூர்
14 ஜூலை 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் சுகத்தை வக்கீலிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இளைத்துவிட்டீர்களாம். அவரிடம் இதுவரை நான் எதுவும் சொல்லவில்லை. ஆனால் இங்கே நடந்ததை உங்களிடம் மறைக்க முடியாது.

போன வாரம் நான் வேலையிலிருந்து வந்தபோது அம்மா பையோடு வாசலில் நின்றார். "நீ வந்தாலும் சரி, வராட்டியும் சரி, நான் போறேன்" என்றார். தனியாக விட முடியுமா? ஊருக்குப் பஸ் ஏறினோம். வழக்கை விசாரிக்கும் அலுவலகத்துக்குப் போய், அதிகாரி எதிரில் நின்று, "போர்வையக் கட்டுனது நான்தாங்க. எம் புருஷன விட்டுருங்க" என்றார். குரல் நடுங்கவில்லை அப்பா. நீங்கள் நினைப்பது போல் இல்லை.

அதிகாரி கெட்டவர் இல்லை. உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார்.

"உங்களுக்கு இங்கிலீஷ் தெரியுமாம்மா?"

"தெரியாதுங்க."

"இந்தி?"

"தெரியாதுங்க."

"அப்புறம் ரேடியோவுல என்னத்தக் கேட்டீங்க?" அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "இங்க வர்ற எல்லாப் பொண்டாட்டியும் இதத்தாம்மா சொல்றாங்க. வயசான காலத்துல எதுக்கு அலையுறீங்க? டீயக் குடிச்சிட்டு வீட்டுக்குப் போங்க. ஏம்மா பொண்ணு, படிச்சவதானே நீ, கூட்டிட்டுப் போ."

நான் வாயைத் திறந்திருந்தால் முடிந்திருக்கும். அப்பா அன்று பெங்களூரில் இருந்தார் என்று நான் சொன்னால்தான் அம்மா சொல்வது உண்மையாகும். திறக்கவில்லை. உங்களுக்குப் பயந்தேன். அம்மாவைத் தொலைக்கவும் பயந்தேன். அம்மா டீயைத் தொடாமல் எழுந்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் என் பக்கம் திரும்பாமலே, "ஆஸ்பத்திரி ரசீத எங்க வச்சிருக்க?" என்று கேட்டார். பிறகு, "குடுத்துடு லவி. நான் சொன்னா சிரிக்கிறாங்க" என்றார்.

ஆகஸ்டில் விசாரணை. நீங்கள் குற்றத்தை ஒப்புக்கொள்ளப்போவதாக வக்கீலிடம் சொல்லியிருக்கிறீர்களாம். இரண்டு பேரும் ஒரே கதவின் இரு பக்கமும் நின்றுகொண்டு சாவியை என்னிடம் கொடுத்துவிட்டீர்கள். தயவுசெய்து பதில் எழுதுங்கள்.

லவினா


மத்திய சிறை
29 ஜூலை 2024

லவினாவுக்கு,

நலம்.

கொடுக்காதே. கொடுத்தால் உனக்கு அப்பா இல்லை.

மைக்கேல்ராஜ்


தொம்மலூர்
20 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும் என்று இன்றும் வேண்டிக்கொண்டேன். இப்படி எழுத எனக்கு உரிமை இன்னும் இருக்கிறதா என்று தெரியவில்லை.

கொடுத்துவிட்டேன். ஆஸ்பத்திரிக் காகிதங்களை வக்கீலிடம் நேற்றுக் கொடுத்தேன். லட்சுமம்மாவும் வந்தார். "அவுரு இங்கதான் இருந்தாரு, என் கையாலதான் ஊட்டா குடுத்தேன். எந்தக் கோர்ட்டுல வேணும்னாலும் சொல்றேன்" என்று கையெழுத்துப் போட்டார். வக்கீல் காகிதங்களை ஒவ்வொன்றாகப் படித்து அடுக்கினார். பிறகு, "உங்கம்மா நிலைமை புரியுதாம்மா உனக்கு?" என்று மட்டும் கேட்டார்.

புரிகிறது. நீங்கள் உள்ளே இருந்து அம்மாவைக் காப்பாற்றுவதாக நினைத்தீர்கள். அந்தக் காப்பாற்றலை நான் பிப்ரவரியிலிருந்து பக்கத்தில் படுத்துப் பார்த்தேன். தட்டில் சோறு போட்டு உட்காருவார். "அவரு என்ன தின்னுருப்பாரு?" என்பார். அடுத்து, "அந்தப் புள்ளயோட அம்மா என்ன தின்னுருப்பா?" என்பார். தட்டைக் கழுவி வைத்துவிடுவார். தப்பை அவர் சுமக்கத் தயாராக இருந்தார். அதை அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போனீர்கள், அவருக்கு மிச்சம் இருந்தது பயம் மட்டும். உங்களைக் காப்பாற்றுவதற்காக நான் கொடுத்தேன் என்று நினைக்காதீர்கள். அப்படித்தான் நானும் முதலில் நினைத்தேன்.

சரிதானா என்று தெரியவில்லை.

உங்கள் மகள்தான்,
லவினா


பெண்கள் சிறை
10 நவம்பர் 2024

அன்பு மகள் லவிக்கு அம்மா எழுதுவது.

நான் சுகம். நீ சுகமா? எழுதிப் பழக்கம் விட்டுப்போனதால் கோணல் மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். பக்கத்தில் தமயந்தி என்று ஒரு டீச்சர் இருக்கிறாள். "வார்த்தையெல்லாம் நான் திருத்தித் தர்றேன்க்கா, விஷயத்த நீங்க சொல்லுங்க" என்கிறாள். லட்சுமம்மாவுக்கு என் வணக்கம் சொல்.

இங்கே சமையல்கட்டு வேலையில் போட்டிருக்கிறார்கள். பெரிய அண்டா, கை வலிக்கிறது. மற்றபடி யாரும் அதட்டவில்லை. முதல் வாரம் அழுதேன். ராகேஷ் தம்பிக்காகத் தினமும் ஜெபமாலை சொல்கிறேன். அவன் அம்மாவுக்கு எழுதலாமா என்று தமயந்தியைக் கேட்டேன். எழுதினால் அந்த அம்மாவுக்குப் புண் ஆறாது என்றாள். அதுவும் சரிதான். எழுதவில்லை.

உன் வேலை போய்விட்டது என்று வக்கீல் சொன்னார். நீ எனக்கு எழுதிய மூன்று கடிதத்திலும் அதைச் சொல்லவே இல்லை. உங்கள் அப்பா பிள்ளைதானே நீ.

வெளியே வந்ததிலிருந்து அப்பா ஊர் வீட்டில்தான் இருக்கிறார். ரேடியோவைப் போலீஸ் கொண்டுபோய்விட்டதால் வீடு அமைதியாக இருக்கிறதாம். கப்பல் வந்து யாருடைய வலையோ கிழிந்ததாம், ஏன் போர்வை கட்டவில்லை என்று அப்பா வாசலில் வந்து சண்டை போட்டார்களாம். மனு கொடுத்துப் பார்க்கும் நாள் தவறாமல் என்னைப் பார்க்க வருகிறார். வந்து கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நிற்பார். "சாப்பிட்டியா?" என்பார். "நீங்க?" என்பேன். நேரம் முடிந்துவிடும்.

நீ அவருக்கு எழுதுகிற கடிதங்கள் வருகின்றனவாம். பிரித்தாரா என்று கேட்டேன். மறுபடி, "சாப்பிட்டியா?" என்றார். உன் பெயரை எடுப்பதில்லை. நானாக உன் பேச்சை எடுத்தால் மேலே பார்ப்பார். நீ அவரிடம் போகாதே, இப்போது வேண்டாம். கதவைத் திறக்க மாட்டார். அதை உன்னால் தாங்க முடியாது. மறைக்காமல் சொல்கிறேன், எப்போது திறப்பார் என்று எனக்கும் தெரியாது.

போன சனிக்கிழமையும் வந்தார். மணி அடித்ததும் எல்லோரும் கிளம்பினார்கள். அவரும் வாசல்வரை போய்விட்டார். போனவர் காவலரிடம் ஏதோ சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார். வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, "பெங்களூருல மழையாமே?" என்றார். நான், "ஆமாங்க" என்றேன். அங்கே மழையா வெயிலா, எனக்கு எப்படித் தெரியும்? அவர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.

இந்தக் கடிதம் கிடைத்ததும் எழுது. மழையா என்று எழுது. அடுத்த சனிக்கிழமை அவர் வருவதற்குள் எனக்குத் தெரிய வேண்டும்.

அம்மா